கொக்கியிலிருந்து இறங்கிய கோட்டு

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். லண்டன் நாவலை மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

நீ கேட்ட 'ரீச்-மீ-டவுன்ஸ்' ரெடிமேட் துணிதான். ஆனால் 'ஆயத்த ஆடை' என்று போட்டுவிடாதே. அந்தச் சொல்லில் இருக்கும் இளக்காரம் போய்விடும். கடையில் துணிகள் கைக்கு எட்டாத உயரத்தில் கொக்கிகளில் தொங்கும். வாங்க வந்தவன் "அதை எட்டி எடுத்துக் கொடு" என்பான். அந்தப் பேச்சே துணிக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சிலும் 'தெக்ரோஷே-முவா-ஸா', அதாவது 'கொக்கியிலிருந்து அதை எடுத்துக் கொடு' என்றால் பழந்துணி விற்கும் கடை. ஆங்கிலச் சொல்லிலும் இந்த மயக்கம் உண்டு: புது ரெடிமேடையும் குறிக்கும், பிறர் போட்டுக் கழித்ததையும் குறிக்கும். முழங்காலும் முழங்கையும் தேய்ந்து பளபளக்கிறது என்று எழுதியிருந்தால் பழசு. துணி புதிதாக இருந்து அளவு மட்டும் பொருந்தவில்லை என்றால் ரெடிமேட்.

அந்த அளவுதான் ஏளனத்துக்கே காரணம். நல்ல தையற்காரர் உடம்பை அளந்து, கச்சாத் தையல் போட்டு, டிரையல் பார்ப்பார். பின்னால் பிரித்துவிட உள்தையலில் துணியும் விடுவார். கடைக் கோட்டை மார்பளவை வைத்து அடுக்கடுக்காக வெட்டினார்கள். 1850களின் இறுதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜான் பாரன் என்ற ஆடை உற்பத்தியாளர் பட்டைக் கத்தி இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு பல மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்ட முடிந்தது. துணியை மிச்சம் பிடித்தால் உள்தையல் ஒடுங்கும், பிரித்துவிட வழியிருக்காது. இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது சுலபம். தோளைத் திருத்தக் காலரையும் கையையும் கழற்ற வேண்டும். அதனால் கண் முதலில் போகிற இடம் முதுகுப்பக்கம், காலருக்குக் கீழே. போட்டிருப்பவன் தோள் கோட்டின் தோளைவிட நிமிர்ந்திருந்தால் அங்கே குறுக்கே ஒரு மடிப்பு விழும். உன் நாவலாசிரியர் மடிப்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அதை விட்டுவிடாதே, பாத்திரத்தின் வருமானமே அதில் இருக்கிறது.

இன்னொரு சொல் 'ஸ்லாப்ஸ்'. அகராதி கழிவுநீர் என்று காட்டும், ஏமாந்துவிடாதே. முதலில் அது தொளதொளவென்ற கால்சட்டையின் பெயர். பிறகு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் மாலுமிகளுக்கு விற்ற ரெடிமேட் துணி முழுவதுக்கும் ஆகிவந்தது. 1663ஆம் ஆண்டுப் பட்டியலில் 'மான்மத்' என்ற கம்பளித் தொப்பி, நீலச் சட்டை, கேன்வாஸ் உடுப்பு, தோல் காலணி எல்லாம் உண்டு. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். சாதாரண மாலுமிக்கு அரசுச் சீருடை 1857இல்தான் வந்தது. கரையில் 'ஸ்லாப் கடை' என்றால் மட்டமான துணிக்கடை. அதற்குத் தைத்த பெண்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, நூலும் மெழுகுவத்தியும் அவர்கள் செலவு. 1849இல் ஹென்றி மேஹ்யூ என்ற லண்டன் பத்திரிகையாளர் இதைப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். எனக்கு இந்தச் சொல்லைப் பார்த்தாலே மனசு கனக்கும்.

சீமான் வாயில் வரும் இடத்தில் "கொக்கியில் தொங்கினதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்" என்று வைத்துப் பார். கடைக்காரர் பேச்சில் வெறும் 'ரெடிமேட்' போதும், அவர் தன் சரக்கை இளப்பமாகச் சொல்லமாட்டார். 'ஸ்லாப்ஸ்' வருகிற பக்கங்களை மட்டும் தனியாக அனுப்பு, கடலா கரையா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி