சுற்றுலாவில் காட்டாமல் விட்ட ஃபேபர்ஜே கடிகாரமும், அசல் என்று விற்ற போலியும்: புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கடிகார மெக்கானிக்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
சென்னை.

பொருள்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தமிழ்ச் சுற்றுலா தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

உங்கள் நிறுவனம் நடத்திய ரஷ்யச் சுற்றுலாவில் 22 பேரில் ஒருவனாக வந்தேன். விமானம், ஹோட்டல், சாப்பாடு எதிலும் குறை சொல்ல மாட்டேன். தயிர்சாதம்கூடக் கிடைத்தது. நான் எழுதுவது கடிகாரங்களைப் பற்றி.

நாற்பது வருடம் கடிகாரம் பழுது பார்த்தவன் நான். உங்கள் விளம்பரத் தாளின் முகப்பில் இளஞ்சிவப்பு எனாமல் முட்டை ஒன்றின் படம் இருந்தது. வயிற்றில் கடிகாரம், உச்சியில் சேவல். பார்த்ததும் தெரிந்துவிட்டது, ரஷ்ய நகைக்கலைஞர் கார்ல் ஃபேபர்ஜேயின் பட்டறையில் 1902இல் செய்த, ராத்ஸ்சைல்டு முட்டை என்று பெயர் பெற்ற அலங்காரக் கடிகாரம். "இந்த அற்புதத்தை நேரில் காணுங்கள்" என்று கீழே போட்டிருந்தீர்கள். மூன்று வருடச் சேமிப்பை எடுத்துக் கட்டியது அந்த ஒரு வரிக்காகத்தான்.

நீங்கள் எங்களை அழைத்துப் போன இடம் ஃபோன்டாங்கா ஆற்றங்கரையில் ஷுவாலோவ் மாளிகையில் இருக்கும் ஃபேபர்ஜே அருங்காட்சியகம். அந்த முட்டை அங்கே இல்லை. அது 2014 கடைசியிலேயே அதே ஊரில் உள்ள ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. குளிர்கால அரண்மனைக்கு எதிரே உள்ள, ஹெர்மிடாஜைச் சேர்ந்த ஜெனரல் ஸ்டாஃப் கட்டடத்தில் ஃபேபர்ஜேவுக்கென்று தனி அறைகள் இருக்கின்றன. முதல் நாள் அரண்மனைச் சதுக்கத்தில் போட்டோ எடுக்க எங்களுக்கு 40 நிமிடம் கொடுத்தீர்கள். சதுக்கத்தைக் கடந்தால் போதும், அந்தக் கட்டடம். எங்கள் சீட்டில் அது சேராது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

சரி, ஷுவாலோவ் மாளிகையாவது நிறைவாக இருந்ததா? 35 நிமிடம்! ரஷ்ய அரச குடும்பத்துக்காகச் செய்த முட்டைகள் ஒன்பது அங்கே இருக்கின்றன. இரண்டாம் நிக்கோலஸ் 1900இல் தன் தாயாருக்குக் கொடுத்த சேவல் முட்டையும் அதில் ஒன்று, அதுவும் கடிகாரம்தான். பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் மேலே வலைமூடி திறந்து, சிறகு வைத்த சேவல் எழுந்து, இறக்கை அடித்துக் கூவும். ஊதா எனாமலுக்கு அடியில் செதுக்கிய கோடுகள், நாம் ஒரு அடி நகர்ந்தால் தாமும் நகர்வதுபோல மின்னின. உலோகத் தகட்டில் எந்திரத்தால் நுண்கோடு செதுக்கி, அதன்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, உலையில் சுட்டு, ஆறவைத்து, மறுபடி பூசி மறுபடி சுட்டு வரும் வேலை அது. ஒரு சூட்டில் பிசகினால் எல்லாம் போச்சு. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே "ஐயா, பஸ் நிற்குது" என்று தோளைத் தட்டினார்கள்.

அடுத்த பெட்டியில் இங்கிலாந்தின் மார்ல்பரோ சீமாட்டி 1902இல் வாங்கிய முட்டை. அதில் வைரம் பதித்த பாம்பு முள்ளாக அசையாமல் நிற்கும், எண்கள் உள்ள வளையம்தான் சுற்றும். முள் நிற்க முகம் சுற்றும் மெஷினை நான் என் கையால் ஒருநாளும் திறந்ததில்லை. அதை ஒரு நிமிடம்கூட நின்று பார்க்க விடவில்லை.

வழிகாட்டித் தம்பி நல்ல பிள்ளை. என் முட்டிவலிக்காகப் படிக்கட்டில் கை கொடுத்தவர். ஆனால் நீங்கள் அவர் கையில் கொடுத்த குறிப்பு தப்பு. "இவை எல்லாம் ஃபேபர்ஜே தன் கையால் செய்தவை" என்று வாசித்தார். நான் சொன்ன இரண்டு கடிகாரங்களையும், உங்கள் முகப்பில் இருந்ததையும் சேர்த்து, செய்தது மிகயில் பெர்கினின் பட்டறை. பெர்கின், வடமேற்கு ரஷ்யாவில் கரேலியா பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. 1886 முதல் 1903இல் இறக்கும்வரை அங்கே தலைமைப் பட்டறைக்காரர். கார்ல் ஃபேபர்ஜே பெரிய மனிதர்தான். தகப்பனார் குஸ்தாவ் 1842இல் தொடங்கிய சாதாரண நகைக்கடையை அவர்தான் உலகம் அறியச் செய்தார். ஆனாலும் தன் பட்டறைத் தலைவர்கள் தங்கள் முதலெழுத்தைப் பொருளில் பொறிக்க அவர் இடம் கொடுத்தார். முதலாளியே மறைக்காத பெயரை, நூறு வருடம் கழித்து உங்கள் குறிப்பு ஏன் மறைக்க வேண்டும்? பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்தவன் என்ற முறையில் இது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

அப்புறம் அந்தக் கடை. அருங்காட்சியகத்துக்கு 35 நிமிடம் கொடுத்த நீங்கள், கடைக்கு ஒரு மணி 50 நிமிடம் கொடுத்தீர்கள். "ஃபேபர்ஜே குடும்பத்தார் இன்றும் நடத்தும் பரம்பரைத் தொழில், அசல் எனாமல்" என்று விற்பனையாளர் சொன்னதை உங்கள் ஆளே தமிழில் பெயர்த்துச் சொன்னார். அதை நம்பி, என் அறையில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக 14,000 ரூபிளுக்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினார்.

இரவு அறையில் என்னிடம் ஆசையாகக் காட்டினார். கையில் வாங்கியதுமே கனம் போதவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எனாமல் என்றது பிசின் பூச்சு. ஓரத்தில் நகம் பட்ட இடத்தில் கோடு விழுந்தது, சுட்ட கண்ணாடியில் நகக்கோடு விழாது. அடியில் 84 என்று முத்திரை. பழைய ரஷ்யக் கணக்கில் அது 96க்கு 84 பங்கு வெள்ளி. இங்கே முலாம் உரிந்த இடத்தில் தெரிந்தது பித்தளை. பின்மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு பேட்டரி. பழைய ஃபேபர்ஜே மேசைக் கடிகாரங்களில் பெரும்பாலும் மோசர் என்ற சுவிஸ் கடிகாரக் கம்பெனியின் சாவி கொடுக்கும் மெஷின்தான் இருக்கும். இதற்கெல்லாம் மேலே, பெர்கினின் ரஷ்ய முதலெழுத்துகள் இரண்டையும் அதில் அச்சடித்திருந்தார்கள். 1903இல் செத்துப்போன தொழிலாளியின் கையெழுத்து, பேட்டரி கடிகாரத்தின் மேல்! தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

குடும்பத் தொழில் என்பதும் பொய். 1918இல், ரஷ்யப் புரட்சிக்குப் பின் வந்த போல்ஷெவிக் அரசு அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. கார்ல் நாட்டை விட்டுத் தப்பி, 1920இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் இறந்தார். பிறகு அமெரிக்காவில் ஒருவர் அந்தப் பெயரை வாசனைத் திரவியத்துக்கு வைத்துக்கொண்டார். குடும்பம் எதிர்த்துப் பார்த்து, 1951இல் 25,000 டாலர் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. தன் பெயரையே இழந்த குடும்பம் அது. அதன் பெயரைச் சொல்லி எங்களிடம் விற்க நீங்கள் துணைபோனது சரியில்லை.

நான் கேட்பது இதுதான். தலைமையாசிரியரின் 14,000 ரூபிளை இந்திய ரூபாயில் திருப்பிக் கொடுங்கள். முகப்பில் போட்டும் காட்டாத கடிகாரத்துக்காக எங்கள் 22 பேருக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்புங்கள். அடுத்த குழுவை ஜெனரல் ஸ்டாஃப் கட்டடத்துக்கும் அழைத்துப் போங்கள், ஷுவாலோவ் மாளிகைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வழிகாட்டியின் குறிப்பைத் திருத்துங்கள். பெர்கின் பெயரோடு சரியான குறிப்பை நானே தமிழில் எழுதித் தருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.

கடை ரசீதின் நகல், விளம்பரத் தாள், கடிகாரத்தின் உள்புறப் படங்கள் ஐந்து ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது, உங்கள் ஆள் யார் வந்தாலும் திறந்து காட்டுகிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நானும் தலைமையாசிரியரும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்