மேடையில் ஆன்மிகம் பேசும் பெரியோர்களுக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரின் திறந்த மடல்

வணக்கம்.

ஜெனீவாவில் ஸெர்ன் என்கிற அணுத்துகள் ஆய்வுக்கூட வளாகத்தில் நடராஜர் சிலை இருப்பது உண்மைதான். "பார்த்தீர்களா, விஞ்ஞானிகளே கடவுளை ஒப்புக்கொண்டு சிலை வைத்துவிட்டார்கள்" என்று நீங்கள் சொன்னதும் கைதட்டல் எழுகிறது. அது 2004-இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. கொடுத்ததை மரியாதையாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன், சாமியும் கும்பிடுகிறவன். ஆகவே இதை நாத்திகப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இயற்பியல் படித்துப் படித்தே கடவுள் பக்கம் வந்து நின்றவர்கள் உண்டு. அவர்கள் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். முழுசாகச் சொல்லுங்கள் என்பதுதான் என் விண்ணப்பம்.

ஃபிரெட் ஹாய்லை எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் வானியலாளர், கடவுள் மறுப்பாளர். நட்சத்திரத்துக்குள்ளே மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்துதான் கார்பன் உண்டாகிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் அந்தச் சேர்க்கை மிக அபூர்வம். இவ்வளவு கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது காணாது. அப்படியானால் அந்தச் சேர்க்கை எளிதாக நடக்கும்படி கார்பன் அணுக்கருவுக்கு ஏறத்தாழ 7.7 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டில் ஓர் ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும் என்று 1953-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் ஆய்வாளர்களிடம் போய்ச் சொன்னார். அரை மனதோடுதான் சோதித்தார்கள். இருந்தது! அது வேறெங்காவது தள்ளி இருந்திருந்தால் நீங்களும் நானும் இந்த வாக்குவாதமும் இருந்திருக்க வாய்ப்பில்லை. பின்னாளில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கை வைத்திருக்கிறது என்றே தோன்றுவதாக ஹாய்ல் எழுதினார்.

இதுவரைக்கும் மேடையில் சொல்வீர்கள். அப்புறம்? அவர் எந்த மதத்திலும் போய்ச் சேரவில்லை. படைப்புக்குச் சாட்சி என்று நீங்கள் காட்டும் பெருவெடிப்பை, அதாவது பிரபஞ்சம் மிக அடர்ந்த சூடான நிலையிலிருந்து விரிந்து வந்தது என்கிற கோட்பாட்டை, சாகும்வரை ஏற்கவும் இல்லை.

அந்தப் பெருவெடிப்புக்கு வித்திட்டவரோ ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், உலகம் படைக்கப்பட்டது என்பதற்கு அறிவியலே சாட்சி சொல்கிறது என்கிற தொனியில் ஓர் உரை ஆற்றினார். வேறு ஆளாக இருந்தால் பூரித்துப் போயிருப்பார். லெமைத்ருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநரிடம் போய்ப் பேசினார். மறு ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் உரையாற்றியபோது போப் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தன் கோட்பாடு மத விசாரணைக்கு வெளியே நிற்பது, அதை வைத்துக்கொண்டு ஒருவர் கடவுளை மறுக்கவும் இடமிருக்கிறது என்பதே லெமைத்ரின் நிலை. அங்கி போட்டவரே சொல்கிறார்!

பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1979-இல் நோபல் விருந்தில் குர்ஆன் வசனம் சொன்னார். இறைவனின் படைப்பில் பிசகு காண மாட்டாய், திரும்பத் திரும்பப் பார்த்தாலும் கண்தான் சோர்ந்து திரும்பும் என்று பொருள் வரும் வசனம். மின்காந்த விசையையும் அணுக்கருவுக்குள் இயங்கும் மெல்விசையையும் ஒன்றாக இணைத்த கோட்பாட்டுக்காக அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்டீவன் வெயின்பெர்க் தீர்மானமான நாத்திகர். சமன்பாடு ஒன்று, ஆள் இரண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் வரை போன நம் வானியற்பியலாளர் சந்திரசேகரும் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். இயற்பியல் ஒருவரைத் திகைப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவார் என்பதற்கு அவர் வளர்ப்பும் வாழ்க்கையும் காரணமாக இருக்கலாம். சமன்பாட்டில் அது இல்லை.

பிள்ளைகள் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். கைப்பேசியில் தேடிப் பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். ஒன்று பொய் என்று தெரிந்துவிட்டால் நீங்கள் சொன்ன மற்றதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அதனால் அடுத்த முறை சலாமைச் சொல்லும்போது வெயின்பெர்க்குக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அப்படியே, நாத்திகப் பேராசிரியரை வகுப்பில் மடக்கிய மாணவன் ஐன்ஸ்டைன்தான் என்கிற வாட்ஸ்அப் கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது யாரோ கட்டிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரும் ஒருவன்