பழைய கணக்கு வேண்டாம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று படித்ததில் சந்தோஷம், இங்கும் அப்படியே. ஊர்க்கதையெல்லாம் அடுத்த கடிதத்துக்கு. நாலு வருஷமாக விட்டிருந்த பயிற்சியை மறுபடி எடுத்து, முதல் நாளே நூறு ஸ்குவாட் (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டு, மூன்றாம் நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படியிறங்கினேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் இப்போது பதில்.

அந்த வலி போய்விடும், பயப்படாதே. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் அதன் நார்கள் அதிகம் அடிபடும். ஸ்குவாட்டில் கீழே இறங்குவது, படியிறங்குவது, இறக்கத்தில் ஓடுவது எல்லாம் இந்த வகை. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று யாராவது விளக்கம் சொன்னால் தலையாட்டிவிட்டு வா; அது பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும் சமாசாரம். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்குள் அதே வேலையைச் செய்யும்போது இவ்வளவு வலிக்காது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்க நூறு போட வேண்டியதில்லை, பத்துப் பதினைந்தே போதும். மிச்சம் எண்பத்தைந்தும் வீண் வலிதான்.

ஒன்றை மட்டும் கவனி. வலியோடு தொடை வீங்கி இறுகினாலோ, சிறுநீர் கறுத்த காபி நிறத்தில் போனாலோ, ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருக்காதே. தசை அளவுக்கு மீறிச் சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். இதில் மாட்டிக்கொள்பவர்களில் நிறையப் பேர் உன்னைப் போல முன்பு நன்றாகப் பயிற்சி செய்து, விட்டு, திரும்பி வந்தவர்கள். மனசுக்குப் பழைய அளவு ஞாபகம் இருக்கிறது, தசைக்கு அது பழக்கத்தில் இல்லை.

‘எல்லாம் போய்விட்டது’ என்று எழுதியிருந்தாய். எது போனது, எது போகவில்லை என்று பிரித்துப் பார்க்கலாம். முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. பயிற்சியை நிறுத்திய இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே. அதனால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைந்து, அதே வேகத்துக்கு நாடி கூடுகிறது, மூச்சு வாங்குகிறது. ஆனால் முதலில் திரும்பி வருவதும் அதுதான். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து, பிறகு கடுமையாகப் பயிற்சி கொடுத்துச் சோதித்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐவரை மறுபடி அழைத்துப் பார்த்தபோது, முப்பது வருஷ முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் பெரிதாக இருந்தது. அதைவிட முக்கியம், ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் அவர்கள் திறன் இருபது வயதில் படுக்கையில் போடுவதற்கு முன் இருந்த அளவுக்கே வந்துவிட்டது. ஐம்பது வயதில்! இளமையில் கடுமையாகப் பயிற்சி எடுத்தபோது தொட்ட உச்சத்தை மட்டும் யாரும் தொடவில்லை. உனக்கும் அநேகமாக அப்படித்தான் இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் எங்கே என்றால், எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. மூச்சு மூன்று நான்கு வாரத்தில் சரியாகும். தசைவலு இரண்டு மாதத்தில் கணிசமாக ஏறும். ஆனால் தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாணும் எலும்பும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். பழைய சேஸிஸில் புது இன்ஜினை மாட்டின கதைதான். அதனால்தான் காயம் முதல் வாரத்தில் வராமல், ‘ஆஹா, பழைய ஆளாகிவிட்டேன்’ என்று தோன்றும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் வருகிறது: குதிகாலுக்கு மேலே, முழங்கால் சில்லுக்குக் கீழே, கெண்டைக்காலின் உள்விளிம்பில். முதல் ஆறு வாரம் உன்னால் முடிவதைவிடக் குறைவாகத்தான் செய்ய வேண்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

முதல் இரண்டு வாரம் ஓடாதே. வாரம் நாலு நாள், 25 நிமிஷம் வேக நடை. வேகத்துக்கு அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பி நடக்காதே. நீ பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறாய். அது பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் எவ்வளவு முயன்றாலும் நாடி முழுசாக ஏறாது, எண் உன்னை ஏமாற்றும். என்ன மாத்திரை என்று டாக்டரிடம் கேட்கும்போதே, ஓட ஆரம்பிக்கப் போகிறேன் என்றும் சொல்லிவிடு. நடுவில் நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்து.

மூன்றாவது வாரம் முதல், ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரம் மூன்று நாள்: ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு, 1 நிமிஷம் மெதுவோட்டம், 2 நிமிஷம் நடை, எட்டு முறை. அந்த முதல் ஐந்து நிமிஷம் போக மொத்தம் 24 நிமிஷம். இரண்டு வாரம் இப்படி. அப்புறம் 2 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, ஆறு முறை. அதற்கடுத்து 3 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. நேரம் அதே 24தான், ஓட்டத்தின் பங்கு மட்டும் ஏறுகிறது. அலுப்பாக இருக்கும். இருக்கட்டும்.

அடுத்த படிக்குப் போகலாமா என்று காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதே, மறுநாள் காலையில் வைக்கும் முதல் பத்து அடியைப் பார். வலியைப் பத்துக்கு மதிப்பெண் போடு. ஓடும்போது மூன்று வரை, காலையில் பழைய நிலை என்றால் தொடரலாம். அதற்கு மேல் போனாலோ, காலையில் நொண்டினாலோ ஒரு படி இறங்கு. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரலை வைத்து ஓட்டிப் பார்: நீளமாக ஒரு பட்டையாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். ஒரு விரல்நுனி அளவு இடத்தில் சுரீரென்று வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் தாங்க முடியவில்லை என்றால் எலும்பில் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

ஷூவையும் பார்த்துவிடு. நாலு வருஷம் அலமாரியில் கிடந்தது தேயாவிட்டாலும் கெட்டிருக்கும். நடு அடியின் நுரை இறுகிவிடும், பசை காய்ந்து அடி பெயரும். பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்து. அழுந்தி மீளாமல் கட்டையாக இருந்தால் நடக்க வைத்துக்கொள், ஓட வேறு வாங்கு.

வலுப் பயிற்சி வாரம் இரண்டு நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 8, மேஜை விளிம்பில் கை வைத்துப் புஷ்-அப் 8, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 10, ரப்பர் பட்டையைப் பின்னால் இழுப்பது 10, குதிகால் உயர்த்துவது 10. ஒவ்வொன்றும் இரண்டு செட். ‘இன்னும் மூன்று முடியும்’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்து. கடைசியில் சொன்ன குதிகால் பயிற்சியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓடுகிறவளுக்கு அதுதான் காப்பு. மேலே போக ஒரு நொடி, இறங்க மூன்று நொடி. இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக்காலுக்கு மாறு. ஒற்றைக்காலில் இருபது வந்த பிறகுதான் தொடர்ந்து ஓடுவதைப் பற்றிப் பேசலாம். ஜிம்முக்குப் போனால், பழைய நோட்டில் 60 கிலோ ஸ்குவாட் என்றிருந்தால் 30இல் தொடங்கு. தடவைக்கு 2.5 கிலோவுக்கு மேல் ஏற்றாதே. முதன்முதலில் கற்றபோது ஆன காலத்தைவிடச் சீக்கிரம் திரும்பும்.

இனி மனசு. ‘மூட் வரவில்லை’ என்கிறாய். மூட் வந்தால்தான் பயிற்சி என்று வைத்தால் அது வராது, நாலு தடவை செய்த பிறகுதான் எட்டிப் பார்க்கும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்பதை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றின் வாலில் கட்டு: பல் தேய்த்ததும் ஷூ, வேறு யோசனை இல்லை. முடியாத நாளுக்கென்று ஒரு குறைந்தபட்சம் வைத்துக்கொள். பத்து நிமிஷ நடை, அவ்வளவுதான். 2010இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதெல்லாம் சும்மா. அதே ஆய்வில், ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே ஒரு நாள் போனதற்காக மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டாதே. அந்த ஈடுகட்டல்தான் காயத்தில் கொண்டுபோய் விடும்.

எடை மெஷினை ஒரு மாதம் கட்டிலுக்கடியில் தள்ளிவிடு. புதிதாக அடிபட்ட தசை நீரைப் பிடித்து வைக்கும், முதல் சில வாரம் எடை ஏறக்கூடச் செய்யலாம். அதைப் பார்த்து மனம் விட்டவர்கள் அநேகம். அதற்குப் பதில், காலையில் எழுந்திருக்கும் முன் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிஷ நாடி எண்ணி எழுது. மாத்திரை அதையும் கொஞ்சம் தாழ்த்தும், ஆனாலும் உன் எண்ணை உன் எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறாய். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் அன்றைக்கு நடை மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்றும் குறித்து வை. பழைய நோட்டில் அல்ல, புது நோட்டில். பழைய ஓட்ட நேரங்கள் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் நீ அதைத் துரத்துவாய், உன்னை எனக்குத் தெரியும்.

தொடை வலி முழுசாக அடங்கிய பிறகு நடையைத் தொடங்கு. இரண்டு வாரம் கழித்துக் காலை நாடியும் நாற்காலிக் கணக்கும் எழுதி அனுப்பு. இடது முழங்கால் முன்பே தொந்தரவு கொடுத்தது என்றாயே, வலி சில்லுக்குக் கீழேயா, உள்பக்கமா, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று சேர்த்து எழுது. அதைப் பொறுத்து நாற்காலி உயரத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
மாலதி