பெரியப்பாவின் மாஸி மறுபடி ஓடுகிறது

ஸ்ரீவைகுண்டம்,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள சங்கரா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. உன் கடைக்குட்டிக்கு வரன் அமைந்த செய்தியை மதினி தொலைபேசியில் சொன்னார்கள். நாள் குறித்தவுடன் எழுது, இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை உனக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெரியப்பாவின் மாஸி பெர்குசன் டிராக்டர் மறுபடி ஓடுகிறது. ஆம், அதே வண்டிதான்; கல்லூரி விடுமுறையில் ஆளுக்கொரு மட்கார்டில் உட்கார்ந்து ஆழ்வார்திருநகரி தேருக்குப் போய்விட்டு, திரும்பும்போது உன் செருப்பை வாய்க்காலுக்குக் கொடுத்துவிட்டு வந்தாயே, அந்த வண்டி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது அது கொட்டகையில் ஸ்டியரிங் அளவுத் தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்த பின் அண்ணன்மார் இருவரும் அதை எடைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, பழைய இரும்பு வியாபாரியை வரவழைத்து விலையும் பேசிவிட்டார்கள். அதே விலையை நான் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அண்ணன்மாருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

சரிசெய்த கதையைக் கேள். திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் வண்டியை வந்து பார்க்கக்கூட மறுத்துவிட்டு, இதற்குச் செலவழிக்கும் பணத்தைப் புது வண்டிக்கு முன்பணமாகக் கட்டலாமே என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகுதான் நம் டிரைவர் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது அநேகமாகக் கேட்பதில்லை. முப்பது வருடம் சைலன்சர் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கூலி அது. கண்ணும் கையும் நன்றாகவே இருக்கின்றன. அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, அவருடைய பேரனும் நானும் வேலை செய்தோம். முதலில் என்ஜின் எண்ணெய் தேங்கும் சம்ப்பின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றச் சொன்னார். பளிச்சென்று தண்ணீர் வந்தது. வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு மோர் நிறத்தில் கலங்கிய எண்ணெயும், கடைசியில் கறுப்பு எண்ணெயும் இறங்கின. சிலிண்டர்களுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்கள் மூன்றையும் எடுத்துவிட்டு, அந்தத் துளைகளின் வழியாக டீசலை ஊற்றி ஊறவிட்டோம். அவசரப்பட்டு ஸ்டார்ட்டரை அடித்தால் பிஸ்டன் வளையங்கள் முறிந்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு என்ஜினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தின் பல்லில் கம்பியைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பியபோது, ஒரு பொழுதுக்கு அது விரற்கடை நகர்ந்தது. துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்த கிளட்ச் பிளேட்டைப் பிரிப்பது அதைவிடப் பெரும் பாடாக இருந்தது.

என்ஜின் ஓடத் தொடங்கிய அன்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சத்தத்தில் ஏதோ நொண்டுகிறது என்பது எனக்குத் தெரிந்தது. என்ன என்பது தெரியவில்லை. அண்ணாச்சிக்குச் சத்தமே கேட்கவில்லை. அவர் எழுந்து வந்து, பம்பிலிருந்து நாசில்களுக்குப் போகும் மெல்லிய டீசல் குழாய்களை ஒவ்வொன்றாக இரண்டு விரல்களால் பிடித்துப் பார்த்தார். "நடுவுல உள்ளதுல துடிப்பு கம்மியா இருக்குவே, அந்த நாசிலக் கழத்து" என்றார். கழற்றிப் பார்த்தால் முனையில் கரி அடைத்திருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் மூன்று சிலிண்டர்களும் ஒரே தாளத்தில் பேசத் தொடங்கின.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மனிதருக்குத் தெரிந்ததில் ஒரு வரியாவது எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று யோசித்தேன். எந்த வண்டி எந்த மண்ணுக்கு ஒத்துப்போகும், எது வரப்பில் கவிழும், எது ஈரத்தில் மூச்சு வாங்கும் என்பதையெல்லாம் உடம்பால் தெரிந்துவைத்திருக்கும் தலைமுறை நம் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு, சுற்று வட்டாரத்தில் பழைய வண்டி ஓட்டியவர்கள், வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாளையங்கோட்டை விடுதி மாடியில் எச்.எம்.டி. டிராக்டர் பெரிதா மாஸி பெரிதா என்று நீயும் நானும் விடிய விடியப் போட்ட வழக்குக்கு இப்போதுதான் உண்மையான சாட்சிகள் கிடைக்கிறார்கள்.

சாத்தான்குளம் பக்கம் செம்மண் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இன்றைக்கும் ஐச்சரைத் தவிர வேறொன்றை டிராக்டர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். அவர் கட்சியில் நியாயம் இருக்கிறது. 1959-இல் ஃபரீதாபாதில் இந்தியாவின் முதல் டிராக்டராக வெளிவந்தது ஐச்சர்தான். ஒற்றை சிலிண்டர், காற்றினால் குளிரும் என்ஜின். ரேடியேட்டர் இல்லாததால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. குடிக்கவே தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டிய காட்டில் அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று யோசித்துப் பார். டீசலும் கொஞ்சமாகத்தான் குடிக்குமாம். ஆனால் ஒற்றை சிலிண்டர் அதிர்வில் நட்டுகள் தாமாகவே கழன்று விழும் என்பதை அவருடைய மகன் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார். பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இன்னொருவர் இன்டர்நேஷனல் பி-275 ஓட்டியவர். மகிந்திரா 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து பம்பாயில் செய்யத் தொடங்கிய வண்டி அது. நான்கு சிலிண்டர், முன்னோக்கிப் போக எட்டு கியர். ஒரு சக்கரம் சேற்றில் சுழன்று மற்றது நின்றுவிட்டால் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும் டிஃபரன்ஷியல் லாக் அதில் இருந்ததை அவர் இன்னும் கண்கள் விரியச் சொல்கிறார். பூட்டியதை எடுக்க மறந்து திருப்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். எச்.எம்.டி. 2511-ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் டிராக்டரை அடியொற்றி ஹரியானாவின் பிஞ்சோரில் 1971 முதல் செய்த வண்டி. 25 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். உங்கள் சங்கரன்கோவில் கரிசலில் அது மூச்சுத் திணறாமல் இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எடை குறைந்த மாஸி கரிசலில் இழுக்காது என்று நீ அடித்துச் சொன்னாயே, அதை மட்டும் நான் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டியின் சொந்த எடை மட்டுமே இழுவை ஆகாது என்பதைத்தான் வட அயர்லாந்தின் விவசாயி மகனான ஹாரி பெர்குசன் உலகத்துக்குக் காட்டினார். கலப்பையை மூன்று புள்ளிகளில் மாட்டியதுதான் அவர் செய்த வேலை. மண் இறுகி, கலப்பை திணறும்போது கலப்பையை மேலே பிடித்திருக்கும் டாப் லிங்க் என்ற கம்பி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அது ஒரு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. உடனே எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைச் சற்றே தூக்குகிறது. கலப்பையின் பாரமும் மண்ணின் பாரமும் சேர்ந்து பின் சக்கரத்தில் இறங்குகின்றன. அதனால்தான் 1946 முதல் பத்தாண்டுகள் இங்கிலாந்தின் கவெண்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் செய்த அவருடைய சாம்பல் நிற டி.இ.20, ஏறக்குறைய 1,100 கிலோ எடையை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய வண்டிகளின் வேலையைச் செய்தது. அதன் வாரிசுதான் மாஸி 35. அதைத்தான் 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் 1035 என்ற பெயரில் நமக்குக் கொடுத்தது. பெர்கின்ஸ் வடிவமைத்த மூன்று சிலிண்டர் என்ஜினை சிம்சன் நிறுவனம் செய்து தந்தது. கழுகுமலைப் பக்கம் ஒருவர் கோடை உழவு முழுவதையும் சட்டிக் கலப்பை போட்டு 1035-இல் ஓட்டியிருக்கிறார். சாட்சி என் நோட்டில் இருக்கிறது.

ஆனால் சங்கரா, இந்தப் பழைய வழக்கைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இந்த நோட்டிலிருந்தே முளைத்திருக்கிறது. தாமிரபரணியின் தென்கால் வாய்க்கால் பாசனத்தில் நான் பார்த்த அத்தனை பேரும், ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளாமலே, ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: வயல் ஆழமாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் கட்டிச் சேறாக்கித் தொழி உழுது, மாடுகள் மிதித்து, சேற்றுக்கு அடியில் இறுகிப்போன ஒரு தட்டு நம் நஞ்சையில் இருந்தது. தண்ணீர் கீழே இறங்காமல் தாங்கியது அந்தத் தட்டுதான். பழைய 35 குதிரைத்திறன் வண்டி, சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் போட்டாலும், அந்தத் தட்டின் மேலேயே மிதந்து போகும். இன்றைக்கு 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட கனமான வண்டியைக் கொண்டுவந்து, ஈரம் சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், மணிக்கணக்குக்கு ஓட்டிவிட்டுப் போகிறார்கள். சக்கரம் தட்டை உடைத்துவிடுகிறது. அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் நடவுக்கு இறங்கும் பெண்கள் முழங்காலுக்கு மேல் புதைகிறார்கள். அறுவடை எந்திரம் மாட்டிக்கொள்கிறது. கட்டிய தண்ணீர் இரண்டு நாளில் காணாமல் போகிறது. மண்ணைப் பார்த்து வண்டி வாங்காமல், தவணையைப் பார்த்து வாங்குகிறோம். இதைச் சொல்லும்போது டிரைவர் அண்ணாச்சிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் அதிகம் பேசாதவர் என்பது உனக்குத் தெரியும்.

டிராக்டர் வந்த காலத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறேன். மேலத்தெரு ஆச்சியிடம் கேட்டேன். 1974-இல் பெரியப்பா நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து வண்டியைக் கொண்டுவந்த அன்று, தேங்காய் உடைத்துக் குலவையிட்ட பெண்களில் அவரும் ஒருவர். ஆனால் அதே வருடம் ஆச்சியின் வீட்டுக்காரருக்கு ஏர் ஓட்டும் வேலை போய்விட்டது. உழவு மாடுகள் சந்தைக்குப் போனதும் எருக்குழி காலியானது. வீட்டில் வறட்டி தட்டச் சாணம் இல்லாமல் போனது. வண்டியின் மேல் கோபமா என்று கேட்டேன். "வண்டி மேல என்னய்யா கோவம், எங்களக் கேக்காமக் கொண்டாந்தாவளே" என்றார். இதை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். பெரியப்பாவின் பெருமையையும் ஆச்சியின் இந்தச் சொல்லையும் அடுத்தடுத்த பக்கங்களில்தான் வைக்கப்போகிறேன்.

வரப்பு ஏறும்போது கவிழ்ந்து மாண்டவர்களைப் பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். அந்த வண்டிகளில் கவிழ்ந்தால் தாங்கும் கம்பிச் சட்டம் கிடையாது. உயரமான வரப்பில் பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும், சங்கிலியை ஒருபோதும் அச்சுக்கு மேலே கட்டக் கூடாது என்று அண்ணாச்சி தம் பேரனுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிக் கட்டியதால் முன்சக்கரம் கிளம்பி, ஓட்டியவர் மேலேயே வண்டி விழுந்த சம்பவம் நம் காலத்தில்தானே நடந்தது. அந்த வீட்டுக்குப் போய்க் கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன், தட்டாதே. கரிசல் பக்கத்தை நீதான் எழுத வேண்டும். உன் சித்தப்பா திடமாக இருக்கும்போதே உட்காரவைத்துக் கேள்: எச்.எம்.டி. ஜீட்டரை வாங்கத் தூண்டியது எது, பருத்திக்கும் உளுந்துக்கும் எத்தனை சால் ஓட்டினார்கள், மழை பெய்து எத்தனையாவது நாள் கரிசலில் வண்டி இறங்கலாம், எந்த உதிரிப் பாகம் முதலில் தேய்ந்தது, பிஞ்சோர் தொழிற்சாலை மூடிய பிறகு பாகங்களுக்கு என்ன செய்கிறார்கள். துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்தில் வடிவமைத்துப் பஞ்சாபில் செய்த சுவராஜ் வண்டி உங்கள் பக்கம் எப்போது வந்தது, ஜீட்டர்காரர்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் விடாதே. அவர் சொல்லும் பேச்சிலேயே எழுது, திருத்தாதே.

அடுத்த விஷயம், உங்கள் கொட்டகையில் கிடக்கும் பழைய ஐந்து கொத்துக் கலப்பையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். அதன் பின்கள் மாஸிக்குப் பொருந்தும் என்று அண்ணாச்சி சொல்கிறார். பிசான நெல் பருவத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்குள் மேட்டு வயலில் ஒரு புழுதி உழவு ஓட்டிப் பார்க்க வேண்டும். வாழைக்காய் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு வரும் லாரி திரும்பும்போது காலியாகத்தான் வருகிறது. நீ சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அதிலேயே ஏற்றிவர ஏற்பாடு செய்கிறேன். கலப்பையோடு நீயும் ஏறி வந்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்
ஆறுமுகம்