எம்லின் வில்லியம்ஸ் கட்டுரையில பாதி ஆளக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல நாடக ஆசிரியர், நடிகர் எம்லின் வில்லியம்ஸ் பத்தின கட்டுரை படிச்சேன். 1905ல வேல்ஸ்ல பொறந்து வீட்டுல வெல்ஷ் பேசி வளர்ந்த பையன், கூக் டீச்சர் கைதூக்கி விட்டு ஆக்ஸ்ஃபோர்டு வரைக்கும் போனது, பின்னாடி அந்த டீச்சரையே மனசுல வச்சு 'தி கார்ன் இஸ் க்ரீன்' நாடகம் எழுதுனது, எல்லாம் விலாவாரியா இருக்கு, சரி. ஆனா நிஜக் கொலைக் கேஸ் ஒண்ண வச்சு அவர் எழுதுன 'பியாண்ட் பிலீஃப்' புத்தகத்த ஒரே வரியில தாண்டிப் போயிட்டீங்களே சார், அங்கதான விவகாரமே இருக்கு!

1935ல 'நைட் மஸ்ட் ஃபால்' நாடகம் எழுதி கொலைகாரன் டேனியா அவரே நடிச்சார். தலையில்லாத ஒரு பொண்ணோட உடம்பு கெடைக்குது, டேனிகிட்ட கனமா ஒரு தொப்பிப் பெட்டி இருக்கு, உள்ள என்னன்னு நமக்குக் காட்டவே மாட்டார், நாமளா நெனச்சு நெனச்சு நடுங்க வேண்டியதுதான். எப்பேர்ப்பட்ட கை பாருங்க. அதே கைதான் 1967ல 'பியாண்ட் பிலீஃப்'ல இயன் பிரேடி, மைரா ஹிண்ட்லி கேஸ எடுத்துச்சு, மான்செஸ்டர் பக்கம் பிள்ளைங்கள கொன்னு சாடில்வொர்த் மூர்ல புதைச்ச கேஸ். முந்தின வருஷம்தான் செஸ்டர் கோர்ட்ல ஆயுள் தண்டனை ஆகியிருக்கு, பெத்தவங்க அழுத கண்ணீர்கூட காயல, இவர் கோர்ட்ல வந்த தகவலோட தன் ஊகத்தையும் கலந்து, அந்த ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டாங்க என்ன நெனச்சாங்கன்னு வசனமாவே எழுதிட்டார். படிக்க விறுவிறுன்னுதான் இருக்கும், இல்லன்னு சொல்லல, எது நடந்தது எது இவர் கட்டுனதுன்னுதான் பிடிபடாது.

இன்னொண்ணு, அப்போ கோர்ட்ல நிரூபணமானது மூணு கொலைதான். மிச்ச ரெண்டையும் அவங்க ஒத்துக்கிட்டது 80கள்ல. அதாவது முழுசா ஒத்துக்காத ஆளுங்க மனசுக்குள்ள இவர் புகுந்து எழுதியிருக்கார், டேனிக்கு அப்படி எழுதலாம், டேனி இவர் பெத்த புள்ள. பிரேடிக்கு எழுதலாமா? எனக்கு ஒப்பல.

1987ல, அவர் செத்த அதே வருஷம், டாக்டர் கிரிப்பன் எழுதுன டைரி மாதிரி ஒரு புத்தகம் வந்துச்சு. கிரிப்பன் லண்டன்ல பொண்டாட்டிய கொன்ன கேஸ்ல 1910ல தூக்குல போட்ட ஆளு, அதுவும் கற்பனைன்னு தலைப்புலயே சொல்லிட்டார், அதுல யாருக்கும் வலிக்காது. இந்த ரெண்டு புத்தகத்தையும் வச்சு அந்தக் கட்டுரையாளரையே இன்னொரு தடவ எழுதச் சொல்லுங்க, பக்கம் பத்தலைன்னா டீச்சர் கதைய கொறச்சுக்கலாம்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் வாசகி