பின்பக்கம் பதிந்த வேகன்களும் எங்கள் பில்லும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்டேஷன் வேகன் வைத்திருப்பவர்கள் அநேகமாக ஒரே வசனத்தோடுதான் எங்கள் கராஜுக்குள் வருகிறார்கள்: "பின்பக்கம் பதிஞ்சிட்டுது, ரெண்டு ஷொக் போட்டு விடுங்கோ." அளந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது. பில்லை ஏற்றப் பார்க்கிறார்கள் என்று நினைப்பீர்கள். இந்தக் காலத்தில் அது நியாயமான சந்தேகம். அதனால்தான் விபரமாக எழுதுகிறோம்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக் எப்சோபருக்கு அந்த வேலை இல்லை. குழியில் விழுந்து எழும்பிய ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் அதன் பொறுப்பு. உள்ளே இருக்கும் ஒயில் சின்னத் துவாரங்கள் வழியே நெருக்குப்பட்டு ஓடும்போது ஆட்டத்தின் வேகம் சூடாகி அடங்கிவிடும். ஆகவே வண்டி பதிந்து நின்றால் குறை ஸ்பிரிங்கில். வேகத்தடை தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தரம் துள்ளினாலோ, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குத்தினாலோ, ரயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தாலோ ஷொக்கைச் சந்தேகியுங்கள். ஷொக்கின் மேல் லேசான ஒயில் ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம். வழிந்து தூசி அப்பியிருந்தால் அது முடிந்த கதை.

வேகன்களில் இந்த இரண்டு குறையும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பின்னுக்கு இடம் இருக்கிறதென்றால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? கடைச் சாமான், சமையல் கிடாரம், யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது மாம்பழப் பெட்டி என்று எல்லாம் ஏறும். அப்படிப் பல வருடம் சுமந்து பதிந்த ஸ்பிரிங்கோடு புது ஷொக்கைப் பூட்டினால், அதன் தண்டு வழமையை விட உள்ளே போன நிலையிலேயே நாளெல்லாம் வேலை செய்யும். கொஞ்சம் சுமை ஏற்றினாலே சிறு குழிக்கும், அடி முட்டாமல் தடுக்கும் ரப்பர்க் கட்டையான பம்ப் ஸ்டொப்பரில் போய் இடிக்கும். கொடுத்த காசு அவ்வளவும் கெதியில் போய்விடும்.

வண்டிகளுக்கு வயது ஏறியதற்கு ஒரு காரணம் எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் 2022 இல் ரூபா விழுந்தது. இருந்த வண்டியையே எல்லோரும் ஓட்டினோம். வருடா வருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காருக்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் கேட்கிறார்கள். ஸ்பிரிங்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

இனி நாங்கள் அளக்கும் விதம். டிக்கியில் இருப்பதையெல்லாம் இறக்கிவிட்டு, ரயர்களுக்குச் சரியாகக் காற்று அடித்து, சமதரையில் நிறுத்துவோம். சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் பிடித்து, உங்கள் கண் முன்னாலேயே எழுதுவோம். இடமும் வலமும் குறிப்பிடும்படி வித்தியாசப்பட்டால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், சில நேரம் உடைந்தே இருக்கும். மெரைன் டிரைவ் பக்கம் இரவில் நிறுத்தும் வண்டிகளை நாங்கள் கூடுதல் கவனமாகப் பார்ப்போம். உப்புக்காற்றில் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று, அது குந்தியிருக்கும் கிண்ணத்துக்குள்ளேயே துருப்பிடித்து உடையும். மேலாகப் பார்த்தால் தெரியாது. லைட் பிடித்து, மண்ணைச் சுரண்டித்தான் பார்க்க வேண்டும்.

எண்பதுகளின் கொரோலா டி.எக்ஸ். வேகன் போன்றவற்றுக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பிளேட்டுகள். அவற்றின் சொந்தக்காரர்கள் "ஒரு பிளேட் கூட்டிப் போட்டால் சரிதானே?" என்பார்கள். போடலாம்தான். ஆனால் வெறும் வண்டி குதிரை போலக் குதிக்கும். அந்த விறைப்பை அடக்க வழமையான ஷொக்கால் முடியாது. இன்னொன்றும் உண்டு. சில வேகன்களிலும் வேன்களிலும் பின் அச்சோடு ஒரு கம்பியால் தொடுத்த பிரேக் வால்வு இருக்கிறது. பின்பக்கம் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது சுமையைக் கணித்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பிளேட் கூட்டி உயர்த்திவிட்டால், சுமை ஏற்றியிருந்தும் வண்டி வெறுமையாக நிற்கிறது என்று வால்வு ஏமாந்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கடுகண்ணாவ இறக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்க எங்களுக்கு விருப்பமில்லை. கொயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் செருகுவதையும் நாங்கள் செய்வதில்லை.

சாமானை நீங்களே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி வருவதானால் தாராளமாக வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே மொடலிலும் செடானின் பின் ஸ்பிரிங் வேறு, வேகனுடையது வேறு. செடானுடையது பூட்டுப்படும், ஆனால் சுமை ஏற்றியதும் பதிந்துவிடும். செசி நம்பரைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே பாவித்த ரீகண்டிஷன் ஸ்பிரிங் என்றால் பார்த்துச் சொல்வோம். ரீகண்டிஷன் ஷொக்கை நாங்கள் பூட்டுவதில்லை. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொன்னாலும் மாட்டோம். முன்னோ பின்னோ, சோடியாகத்தான்.

வேலை நேரம் ஏன் இழுபடுகிறது என்று சிலர் கேட்கிறார்கள். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த பகுதி) மேல் நட்டைத் தொடுவதற்கு முன்பே, ஸ்பிரிங்கைக் கருவி போட்டு ஒடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆளையே அடித்துவிடும். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது லேசாகத்தான் பிடிப்போம். கீழே இறக்கி, பாரம் சில்லில் விழுந்த பிறகே முழுதாக இறுக்குவோம். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். முன்பக்கம் கழற்றியிருந்தால் அலைன்மென்ட்டும் (சில்லுகள் நிற்கும் கோணம்) பார்க்க வேண்டும், அந்தச் செலவு பில்லில் தனியாக இருக்கும். கழற்றிய பழைய சாமானை உங்களிடமே தருவோம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மார்ச் முதல் கிழமையிலேயே அளக்கக் கொண்டுவாருங்கள். வேகன் ஸ்பிரிங் எங்களிடம் கையிருப்பில் இல்லை. நம்பர் கொடுத்து எடுப்பிக்க நாள் வேண்டும். அளந்து பார்க்கக் காசு வாங்குவதில்லை. டிக்கியை மட்டும் வீட்டிலேயே வெறுமையாக்கிக்கொண்டு வந்தால் எங்கள் பொடியன்களுக்குப் புண்ணியம்.

இப்படிக்கு,
கராஜ் உரிமையாளரும் வேலையாட்களும்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13