டீக்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

பூட்டிக் கிடந்த நம் பழைய வீட்டில் நனைந்துபோன, ஐயா காலத்துப் பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டுகளும் பிழைத்துக்கொண்டன. அன்றைக்கு நடந்ததைத் திரும்ப எழுதத் தெம்பில்லை, உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே. ஒரு நாடக நோட்டில் மை கரைந்துவிட்டது, சில பாட்டுப் புத்தகங்களின் அட்டை போய்விட்டது. மற்றதையெல்லாம் படிக்க முடிகிறது.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. நனைந்த தாளை வெயிலில் போடாதே, இஸ்திரி போடாதே, காற்றிலேயே காயவிடு, இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடித்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். சரி, காற்றுக்கு எங்கே போவது? பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, வீட்டுக்குக் கரண்ட் இல்லாமல் போய் வருஷக்கணக்காகிறது. வளவு முழுக்க, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி, ஈரத் தாளைப் பரப்பிவிட்டு முழித்துக்கொண்டு நின்றால், அண்ணன் தன் கடையிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு வருகிறார். நான் கேட்கவே இல்லை. கடையில் இருந்த ஒரே ஃபேனையும் தூக்கி வந்து வைத்துவிட்டு, அடுப்புப் பக்கத்தில் வெந்தபடி டீ ஆற்றினார்.

ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து, "அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்றார். சொன்னேன். 1928இல் பாரதியார் பாட்டுகளை முதலில் பர்மா அரசு தடை செய்தது, அப்புறம் சென்னை அரசும் பறிமுதலில் இறங்கியது, காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து வாதாட வேண்டியிருந்தது. ரங்கூனில் கடை, இங்கே வீடு என்றிருந்த எங்கள் ஐயாவுக்கு எந்தப் பக்கம் போனாலும் தடைதான். மேடையில் பாடிய நாடகக்காரர்கள் ஜெயிலுக்குப் போன காலம் வேறு. அதனால் அப்பத்தா எல்லாவற்றையும் வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் தன் சீர்ச் சாமான் அறையில், அண்டாவுக்குள் போட்டு, மேலே வெண்கலப் பானைகளை அடுக்கிவிட்டாராம். சோதனைக்கு வந்தவர்கள் முகப்பையும் பெட்டகத்தையும் புரட்டினார்களே தவிர, பொம்பளைகள் புழங்கும் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்துதான் செய்தாரா, ஐயாவுக்காகச் செய்தாரா, கேட்டு வைக்க அன்று எனக்கு வயசில்லை.

"பாட்டுக்குப் போயா போலீஸ் வரும்?" என்று அண்ணன் சிரித்தார். அப்புறம் ஒரு பாட்டைப் படிக்கச் சொன்னார். பாதிக்கு மேல் சிரிக்கவில்லை. "வரத்தான் செய்வான்" என்றார்.

பழைய வேட்டிகளைக் கிழித்துத் தந்த ஆச்சிமார், அச்சடிக்காத தாள்கட்டு அனுப்பிய பிரஸ்காரர், ராத்திரி முழுக்கத் தாளைப் பிரித்துப் போட்ட கல்லூரிப் பிள்ளைகள், பணம் அனுப்பிய பங்காளிகள் (திட்டிக்கொண்டே அனுப்பியவர்களும் சேர்த்துத்தான்), எல்லோருக்கும் கும்பிடு.

இனி இவை பூட்டிய வீட்டில் கிடக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய புத்தகங்கள் இன்று சென்னையில் நூலகமாக இருக்கின்றன. நம் புத்தகக் கட்டையும் ஸ்கேன் செய்து அப்படி ஓர் இடத்தில் சேர்க்கும்வரை விடப்போவதில்லை, பங்காளிகள் கையெழுத்துப் போடத் தயாராக இருங்கள். அப்புறம், அண்ணன் என்னிடம் கரண்ட் பில்லைக் காட்ட மாட்டேன் என்கிறார். உள்ளூரில் இருப்பவர்கள் யாராவது அதை எப்படியாவது வாங்கி எனக்கு அனுப்புங்கள்.